மண்ணுக்குரிய தாவரங்களையும் சூழல்மண்டலங்களையும் வரைபடமாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாநிலம் அல்லது ஒரு பெரும் ஆற்றுப்படுகை அளவுக்கு விரிந்த நிலப்பரப்பில், அந்நிலத்துக்கே உரிய தாவரக் கூட்டங்கள் எவை, அவை எங்கெங்கே இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்பதைக் கள ஆய்வின் மூலம் கண்டறிந்து வரைபடமாக்கும் பணி பற்றிய விடைகள் இவை. வரைபடத்தைப் பயன்படுத்துவோர், ஆய்வுக் குழுவைத் தம் நிலத்துக்குள் அனுமதிப்போர், இத்துறையில் புதிதாகச் சேர்வோர் ஆகிய மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையே இங்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

காடுகள் எங்கே இருக்கின்றன என்பதைக் காட்டும் வரைபடங்கள் ஏற்கெனவே உள்ளன. இது ஏன் தனியாகத் தேவைப்படுகிறது?

காட்டுப் பரப்பு வரைபடம் பெரும்பாலும் மர விதானம் எவ்வளவு நிலத்தை மூடியிருக்கிறது என்ற ஒன்றை மட்டுமே அளக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பின் வரையறைப்படி 0.5 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில், 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள் 10 சதவீதத்துக்கு மேல் விதானம் விரித்திருந்தால் அது காடு; ரப்பர் தோட்டமும் அந்தக் கணக்கில் வரும். இந்திய வன அளவாய்வு நிறுவனம் தன் அறிக்கைகளில் 1 ஹெக்டேருக்கு மேற்பட்ட, 10 சதவீத விதானம் கொண்ட நிலத்தை, மரம் எந்த இனம், நிலம் யாருடையது என்று பாராமல் காட்டுப் பரப்பாகக் கணக்கிடுகிறது. மரப் பரப்பு கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க இவ்வகை வரையறைகள் போதும். ஆனால் நூறாண்டுகளாக எவரும் நடாமல் தானே நிற்கும் பசுமைமாறாக் காடும், பத்தாண்டு வயதுள்ள யூகலிப்டஸ் தோப்பும் அங்கே ஒரே நிறத்தில் தெரியக்கூடும்.

தாவர வரைபடம் இனச் சேர்க்கையைக் கேட்கிறது. எந்த மரங்கள் மேலடுக்கில் ஓங்கி நிற்கின்றன, அவற்றின் கீழ் என்ன புதர்கள், தரையில் என்ன செடிகள் என்பதே அதன் அடிப்படை. சூழல்மண்டல வரைபடம் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தத் தாவரக் கூட்டத்தை அங்கே நிறுத்தி வைத்திருக்கும் பாறை, மண், நீர், தீ, வெள்ளம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. மரமே இல்லாத புல்வெளியும் உப்பங்கழியும் மணற்குன்றும் இந்த வரைபடத்தில் காட்டுக்கு நிகரான இடம் பெறுகின்றன.

செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றனவே, களத்துக்கு ஏன் போக வேண்டும்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972-இல் ஏவப்பட்டது. 2008-இல் அந்தத் தொடரின் படங்கள் அனைத்தும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்ட பிறகு இத்துறையின் வேகமே மாறியது. 2015 முதல் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 13 அலைவரிசைகளில், அவற்றுள் சிலவற்றில் 10 மீட்டர் நுணுக்கத்தில், படம் எடுத்து வருகின்றன; இரண்டு கோள்கள் சேர்ந்து இயங்கியபோது பூமத்திய ரேகைப் பகுதியில்கூட ஐந்து நாட்களுக்கு ஒரு முறை ஒரே இடத்தின் மீது கடந்தன. இவ்வளவு செல்வம் முந்தைய தலைமுறைக்கு வாய்க்கவில்லை என்பது உண்மைதான்.

ஆயினும் செயற்கைக்கோள் பார்ப்பது இலையிலிருந்து திரும்பி வரும் ஒளியை. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் தாவரக் குறியீட்டு எண், பசுமை எவ்வளவு என்பதைச் சொல்கிறது. எது பசுமையாக இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அடர்ந்த காட்டில் அந்த எண் ஒரு கட்டத்துக்கு மேல் உயராமல் தேங்கிவிடுவதால், அடர்த்தியான காட்டுக்கும் அதைவிட அடர்த்தியான காட்டுக்கும் இடையிலான வேறுபாடுகூட மங்கிவிடும். மேல்விதானம் மூடிய இடத்தில் அதன் கீழே அயல்நாட்டுப் புதர் பரவி நாற்றுகளை நெருக்கிக் கொண்டிருந்தாலும் மேலிருந்து பார்க்கும் ஒளியுணரிக்கு அது தெரியாது.

பல பருவங்களின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிலைமை ஓரளவு தேறும். வறண்ட மாதங்களில் இலையுதிர்க்கும் காடும், உதிர்க்காத காடும், மழைக்குப் பின் சில வாரங்களே பசுக்கும் புல்வெளியும் ஆண்டு முழுவதுமான படத்தொடரில் தனித்தனித் தடம் காட்டும். மேகம் விலகாத பகுதிகளில் ரேடார் உதவும். மரங்களின் உயரத்துக்கு லேசர் அளவீடு உதவும். ஆனால் இவை அனைத்தும் தரும் விவரத்தை ஒரு தாவரக் கூட்டத்தின் பெயராக மாற்ற வேண்டுமானால், அந்தத் தடத்துக்கு உரிய இடத்தில் ஒருவர் நின்று அங்குள்ள செடிகளைப் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். களப் பதிவு குறைந்த இடத்தில் வரைபடம் நயமாகத் தோன்றலாம், நம்பத்தக்கதாக இராது.

களத்தில் என்ன பதிவு செய்யப்படுகிறது?

முதலில் ஒரு மாதிரித் திட்டு அளந்து குறிக்கப்படுகிறது. காட்டில் பெரும்பாலும் 20 மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது 400 சதுர மீட்டர். புல்வெளியில் அதைவிடச் சிறியது போதும். திட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் புதிய இனங்கள் கிடைப்பது ஒரு கட்டத்தில் குறையத் தொடங்கும். அந்த இடம் எங்கே வருகிறது என்று பார்த்துத் திட்டின் அளவைத் தீர்மானிப்பது பழைய வழக்கம். ஆய்வு முழுவதும் ஒரே அளவைக் கடைப்பிடிப்பது, அந்த அளவு எது என்பதைவிட முக்கியம்.

திட்டுக்குள் ஒவ்வோர் அடுக்கின் உயரமும், அது மூடியிருக்கும் பரப்பும், ஒவ்வோர் இனமும் எழுதப்படுகின்றன. இனங்களின் பரப்பை மதிப்பிட, சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜோசியாஸ் பிரௌன்-பிளாங்கே வகுத்த அளவுகோல் நூறாண்டுக்குப் பின்னும் பயன்படுகிறது: 5 சதவீதத்துக்குக் குறைவாக மூடும் இனங்களுக்கு 1-உம் அதற்குக் கீழான குறிகளும், 5 முதல் 25 வரை 2, 25 முதல் 50 வரை 3, 50 முதல் 75 வரை 4, அதற்கு மேல் 5. கண்மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அகலமான படிகளே பாதுகாப்பானவை. ஒருவர் 37 என்றும் மற்றவர் 41 என்றும் எழுதினால் துல்லியம் கூடிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

இவற்றோடு சரிவு, சரிவு நோக்கும் திசை, பாறை வகை, மண்ணின் தன்மை, தீயின் தடம், வெட்டிய அடிமரங்கள், மேய்ச்சலின் அறிகுறி, அயல் இனங்களின் பரவல் ஆகியவையும் பதிவாகின்றன. நான்கு திசைகளிலும் ஒளிப்படம் எடுக்கப்படுகிறது. பெயர் உறுதிப்படாத செடியின் பூவோ காயோ உள்ள கிளை பறித்து அழுத்தி உலர்த்தப்பட்டு, சேகரிப்பு எண்ணுடன் உலர்தாவரக் காப்பகத்துக்குச் செல்கிறது. களத்தாளில் எழுதிய பெயர் தவறு என்று இருபது ஆண்டுகள் கழித்து ஒரு தாவரவியலாளர் கண்டுபிடித்தால் திருத்துவதற்கு அந்த உலர்ந்த கிளை ஒன்றே சான்று. செலவைக் குறைக்க முற்படும் திட்டங்கள் முதலில் கைவைப்பது இந்தப் பகுதியில்தான். அது வருந்தத்தக்க சிக்கனம்.

இவ்வளவு பெரிய பரப்பில் மாதிரித் திட்டுகளை எங்கே அமைப்பது?

எல்லா இடத்துக்கும் போக முடியாது, போகவும் தேவையில்லை. மழை, உயரம், வெப்பம், பாறை ஆகியவற்றின் அடிப்படையில் நிலப்பரப்பைப் பல பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சில திட்டுகள் என ஒதுக்குவது பொதுவான முறை. சூழல் மாற்றம் செங்குத்தாக இருக்கும் திசையில், எடுத்துக்காட்டாகக் கடற்கரையிலிருந்து மலைமுகடு நோக்கி, நீண்ட பாதைகளைத் தேர்ந்து அவற்றின் நெடுகிலும் திட்டுகளை வைத்தால் குறைந்த பயணத்தில் மிகுதியான இனங்கள் பதிவாகும் என்பதை 1980-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினர். இவ்வளவு பரந்த நிலப்பரப்பில் முற்றிலும் குலுக்கல் முறையில் இடங்களைத் தேர்ந்தால் அரிய வகைகள் கண்ணில் படாமலே போகும்.

சாலையோரச் சாய்வு எல்லா ஆய்வுகளையும் பிடிக்கும் நோய். வண்டி போகும் இடத்துக்கு அருகில் திட்டுகள் குவிந்துவிடும். சாலையோரத்தில் அயல் செடிகளும் வெட்டும் தீயும் மிகுதி. ஆகவே அந்தத் தாவர வகையே சீரழிந்ததாகப் பதிவாகிவிடும். சாலையிலிருந்து எவ்வளவு தொலைவு உள்ளே போக வேண்டும் என்பதைத் திட்டமிடும்போதே விதியாக்கிவிடுவது நல்லது.

தாவர வகைகளை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்? அவை இயற்கையில் உண்மையாகவே தனித்தனியாக உள்ளனவா?

அமெரிக்கச் சூழலியலாளர் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916-இல் தாவரக் கூட்டத்தை ஏறத்தாழ ஓர் உயிரி போலக் கண்டார். அது பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து நிலைபெறும் என்பது அவர் கருத்து. 1926-இல் ஹென்றி கிளீசன் அதை மறுத்து, ஒவ்வோர் இனமும் தனக்கு ஏற்ற சூழல் கிடைக்கும் இடத்தில் தன்போக்கில் வளர்கிறது, கூட்டம் என்பது அவை தற்செயலாக ஒன்றுபட்ட இடம் என்றார். பின்னர் ராபர்ட் விட்டேக்கர் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் செய்த ஆய்வு, இனங்கள் உயரத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்பப் படிப்படியாகக் கூடிக் குறைவதைக் காட்டி, பெருமளவு கிளீசன் பக்கம் சாய்ந்தது.

எனவே, வகைகள் என்பவை தொடர்ச்சியான ஒன்றின் மீது நாம் இடும் பிரிவுகள். அதற்காக அவை மனம் போன போக்கில் இடப்படுவன அல்ல. நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான திட்டுகளின் இனப்பட்டியல்களைக் கணினியில் ஒப்பிட்டு, ஒத்தவற்றைக் குழுக்களாகச் சேர்த்து, ஒவ்வொரு குழுவையும் அடையாளம் காட்டும் இனங்களைப் பிரித்தறிந்து, அதன்பின் அந்த நிலத்தை நெடுங்காலம் அறிந்தவர்கள் அக்குழுக்களைச் சோதித்து ஏற்கிறார்கள் அல்லது திருத்துகிறார்கள். கணினி தந்த குழுவைக் களத்தில் நிற்பவர் ஒரு சாவிப்பட்டியலை (அடையாளங்களைப் படிப்படியாகக் கேட்டு வகையைக் கண்டறிய உதவும் பட்டியலை) கொண்டு அடையாளம் காண முடியவில்லை என்றால், அந்தக் குழு புள்ளியியல் நோக்கில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வரைபடத்துக்குப் பயன்படாது.

வகைப்பாடு படிநிலையாக அமைய வேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் வெளியிட்ட உலகச் சூழல்மண்டல வகைப்பாட்டில் ஆறு நிலைகள் உள்ளன. மேல் மூன்றும் ஒரு சூழல்மண்டலம் எவ்வாறு இயங்குகிறது என்பதையும், கீழ் மூன்றும் அதில் எந்தெந்த இனங்கள் வாழ்கின்றன என்பதையும் பொறுத்தவை. உள்ளூர் வகை ஒவ்வொன்றையும் இதன் மேல்நிலைகளோடு இணைத்துவிட்டால், அண்டைப் பகுதியின் வரைபடத்தோடு ஒப்பிடுவது எளிதாகும்.

எல்லைக்கோடு உண்மையில் நிலத்தில் இருக்கிறதா?

சில இடங்களில் காலடியிலேயே தெரியும். மக்னீசியமும் நிக்கலும் மிகுந்து கால்சியம் குன்றிய சர்ப்பன்டைன் பாறையின் மண் தொடங்கும் இடத்தில், உயர்ந்த மரங்கள் முடிந்து குட்டையான, அரிதான தாவரங்கள் தொடங்குவதைக் கலிபோர்னியாவில் நடந்தே பார்க்கலாம். வெப்பமண்டலத்தில் ஒரே மழை பெறும் நிலத்தில் தீ நுழையும் பக்கம் சவான்னாவாகவும் (மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளியாகவும்) நுழையாத பக்கம் காடாகவும் கூர்மையாகப் பிரிந்து நிற்பதும் உண்டு.

வேறு இடங்களில் ஒரு வகை இன்னொன்றாக மாறப் பல கிலோமீட்டர் ஆகும். அங்கே வரையப்படும் கோடு ஒரு மாற்றப் பட்டையின் நடுப்பகுதியைக் குறிக்கும் ஏற்பாடு மட்டுமே. இரண்டு மூன்று வகைகள் சிறு துண்டுகளாகப் பின்னிக் கிடக்கும் நிலத்தை ஒரே பலகோணமாக வரைந்து, அதனுள் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று எழுதுவதும் வழக்கம். வரைபடத்தோடு வரும் அட்டவணையைப் படிக்காமல் நிறத்தை மட்டும் பார்ப்பவர் இந்தக் கலப்பைத் தவறவிடுவார்.

எங்கள் நிலத்தில் இருக்கும் சிறிய சதுப்பு ஏன் வரைபடத்தில் இல்லை?

அநேகமாக அளவுவிகிதமே காரணம். காகிதத்தில் 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள கட்டத்துக்குக் குறைவானதை வரைவது பயனற்றது என்று கொண்டால், 1:50,000 வரைபடத்தில் அது 1 ஹெக்டேர்; 1:1,00,000-இல் 4 ஹெக்டேர்; 1:2,50,000-இல் 25 ஹெக்டேர். அரை ஹெக்டேர்ச் சதுப்பு இவை எதிலும் தனியாக இடம்பெறாது. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வந்தபின் இந்தக் குழப்பம் கூடிவிட்டது: படம் பெரிதாகும், விவரம் கூடாது. வட்டார அளவில் வரைந்த கோட்டை எடுத்து ஒரு வேலியை எங்கே போடுவது என்று முடிவு செய்யக் கூடாது. அதற்குத் தனி அளவாய்வு வேண்டும்.

துல்லியம் 95 சதவீதம் என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

அந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நிலத்தில் உண்மையில் உள்ளதோடு வரைபடத்தை ஒப்பிட்டுப் பார்த்த ஆயிரம் சோதனைப் புள்ளிகளில் 950 சரியாக உள்ளன. மொத்தத் துல்லியம் 95 சதவீதம். ஆனால் அந்த ஆயிரத்தில் உண்மையில் சதுப்பாக இருந்தவை 40; அவற்றுள் வரைபடம் சதுப்பு என்று சொன்னவை 16 மட்டுமே. அதாவது நிலத்தில் இருக்கும் சதுப்பில் 60 சதவீதத்தை வரைபடம் காணவில்லை. மறுபுறம், வரைபடம் சதுப்பு என்று குறித்த புள்ளிகள் 20 என்றால், அவற்றுள் 16 சரி. குறித்த இடத்துக்குப் போனால் ஐந்தில் நான்கு முறை சதுப்பைக் காணலாம். மூன்று எண்களும் ஒரே வரைபடத்துக்கு உரியவை, மூன்றும் உண்மை. சதுப்பைக் காக்க விரும்புபவருக்கு முதல் எண் வழிகாட்டாது. எனவே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே பிழை அட்டவணையைக் கேட்டுப் பெற வேண்டும்.

சோதனைப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்றும் கேட்க வேண்டும். படங்களிலிருந்து வகைகளை அடையாளம் காணக் கணினிக்குப் பயிற்சி கொடுத்த புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே சோதனைப் புள்ளிகளும் இருந்தால் மதிப்பெண் கூடுதலாகத்தான் வரும்; அருகருகே உள்ள இடங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பது இயல்பு. மேலும், ஒரு வகையின் மொத்தப் பரப்பைப் பிக்சல்களை எண்ணிக் கூறுவது பிழையையும் சேர்த்து எண்ணுவதாகும். சோதனைப் புள்ளிகளின் அடிப்படையில் அந்தப் பரப்பைத் திருத்தி, பிழை வரம்போடு கூறுவதே முறை.

அழிக்கப்படுவதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்பதை எப்படி அறிகிறீர்கள்?

எஞ்சியுள்ள துண்டுகள், மண், பாறை, பழைய வான்படங்கள், பழைய நில அளவைக் குறிப்புகள், உலர்தாவரக் காப்பகத்தின் மாதிரிகள் ஆகியவற்றைக் கூட்டி ஊகிக்கிறோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் ஒவ்வொரு சூழல்மண்டலத்துக்கும் உயிர்ப்புவியியல் வட்டாரம், நில வகை, தாவரம் என்னும் மூன்றையும் குறிக்கும் எண்ணைக் கொடுத்து, அழிப்புக்கு முந்தைய பரப்பு, எஞ்சிய பரப்பு என இரண்டு வரைபடங்களையும் வைத்திருக்கிறது. முந்தைய பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறைவாக எஞ்சியிருந்தாலோ, 10 முதல் 30 சதவீதம் எஞ்சியும் அது 10,000 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தாலோ, தாவர மேலாண்மைச் சட்டத்தின்படி அது அழிவின் விளிம்பில் உள்ள வகை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சூழல்மண்டலச் செம்பட்டியலும் இதே திசையில், 50 ஆண்டுகளில் 80 சதவீதப் பரப்பு போனாலோ 1750-க்குப் பின் 90 சதவீதம் போனாலோ மிக உச்ச இடர்நிலை என வகுக்கிறது.

முந்தைய பரப்பு என்பது ஊகம் என்பதால், அதைக் கொண்டு வகுத்துப் பெறும் சதவீதமும் ஊகத்தின் பங்கைச் சுமக்கிறது. சட்டத்தில் அந்த எண் பயன்படும் இடத்தில் இதை மறைக்காமல் எழுதுவது வரைபடம் செய்தவரின் கடமை என்பது எங்கள் உறுதியான கருத்து.

புல்வெளிகள் ஏன் அடிக்கடித் தவறாகக் குறிக்கப்படுகின்றன?

மரமில்லாத நிலத்தைக் காடு இழந்த நிலம் என்று கொள்ளும் பழக்கம் காரணம். 2019-இல் உலகில் ஏறத்தாழ 90 கோடி ஹெக்டேரில் கூடுதலாக மர விதானம் வளர இடமுண்டு என்று ஓர் ஆய்வு வெளிவந்தபோது, அதில் இயல்பான புல்வெளிகளும் சவான்னாக்களும் சேர்க்கப்பட்டுள்ளன என்று சூழலியலாளர்கள் பலர் மறுத்தனர். பிரேசிலின் செராடோ போன்ற பழமையான சவான்னாவில் தாவரங்களின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் வேராகவும் கிழங்காகவும் இருக்கிறது. அங்கே மரம் நடுவது மீட்பு ஆகாது. பழைய புல்வெளியையும் காடழிந்து உண்டான புல்வெளியையும் பிரிக்கத் தரையடித் தண்டும் கிழங்கும் உள்ள நெடுவாழ்வு இனங்களைத் தேட வேண்டும். படத்திலிருந்து இதை முடிவு செய்வது கடினம்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை எடுத்துக்கொண்டுவிடுமா?

வகைப்படுத்தும் வேலையில் பெரும்பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது, அதில் தவறில்லை. பயிற்சிக்குக் கொடுத்த களப் பதிவுகளில் இல்லாத வகையை அது தானாகக் கண்டுபிடித்துப் பெயரிடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கள் நிலத்துக்குள் வர அனுமதி கொடுத்தால் விவரங்கள் அனைவருக்கும் தெரிந்துவிடுமா?

உரிமையாளரின் அல்லது அந்நிலத்தின் பூர்வகுடிச் சமூகத்தின் ஒப்புதலின்றி நுழையக் கூடாது. எந்த விவரம் எவ்வளவு நுணுக்கமாக வெளியாகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். களவுக்கு ஆளாகக்கூடிய ஆர்க்கிட் போன்ற அரிய செடிகளின் இருப்பிடம் பொது வரைபடத்தில் தோராயமாக மட்டுமே காட்டப்படும்.

வரைபடத்தை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்? பழையதை என்ன செய்வது?

அழிப்பும் தீயும் விரைவாக நடக்கும் பகுதியில் எஞ்சிய பரப்பை ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வகைப்பாட்டையே திருத்துவதற்குப் பத்தாண்டுகள்கூட ஆகலாம். புதிய பதிப்பில் ஒரு பலகோணம் மாறியிருந்தால், நிலம் மாறியதாலா, முன்பு தவறாக வரைந்ததைத் திருத்தியதாலா என்று ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டும். இக்குறிப்பு இல்லாத இரண்டு பதிப்புகளைக் கழித்துப் பார்த்து இவ்வளவு காடு போனது, இவ்வளவு கூடியது என்று சொல்வது பெரும் பிழைக்கு இடம் தரும்.

பழையதை ஒருபோதும் தூக்கி எறியக் கூடாது. ஆல்பர்ட் வீஸ்லாண்டர் என்ற வனவியலாளரின் தலைமையில் 1920-களின் இறுதியிலும் 1930-களிலும் கலிபோர்னியாவில் நடந்த அளவாய்வில், களப்பணியாளர்கள் மலைமுகடுகளில் நின்று எதிர்ச் சரிவின் தாவரங்களைத் தாளில் வரைந்ததோடு, ஏறத்தாழ 18,000 மாதிரித் திட்டுகளையும் பதிவு செய்தனர். அந்த ஆய்வு முழுமையாக அச்சேறாமலே நின்றுபோனது. ஆனால் பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் திட்டுப் பதிவுகளை இன்றைய காட்டு அளவீடுகளோடு ஒப்பிட்டபோதுதான், அம்மாநிலத்தின் காடுகளில் பெரிய மரங்கள் குறைந்து சிறிய மரங்கள் பெருகியிருப்பது அளவோடு தெரிய வந்தது. ஆகவே களத்தாள், திட்டின் அமைவிடம், ஒளிப்படம், சேகரிப்பு எண், அளவீட்டு முறையின் விளக்கம் ஆகியவை, எந்த மென்பொருளும் இல்லாமல் படிக்கக்கூடிய எளிய வடிவில், வரைபடக் கோப்பிலிருந்து தனியாக, குறைந்தது இரண்டு இடங்களில் வைக்கப்பட வேண்டும்.